உங்களுக்கு மட்டும் குறைத்திருக்கிறேன்

மார்ச் 2

குட்டியின் அப்பாவுக்கு,

இனிமேல் போன் வேண்டாம். நேற்று நான் பாதியில் வைத்தது தப்புதான். வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய தப்பாகப் பேசியிருப்பேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்புறம் இரண்டு பேரும் கத்துகிறோம். குட்டி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து படிக்கிறாள். பதினோரு வயசுப் பெண் அப்பா அம்மா சண்டைக்குப் பயந்து வாளியில் உட்கார்ந்து பூகோளம் படிக்கிறாள் என்றால் நமக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா? எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். எழுதும்போதாவது பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கலாம்.

வீட்டுக்காரர் நேற்றும் வந்தார். மாதக் கடைசிக்குள் தங்குகிறோமா, காலி பண்ணுகிறோமா, சொல்லியாக வேண்டுமாம். போனமுறை உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். அதே குரல், அதே குனிவு. “உங்களுக்கு மட்டும் குறைச்சிருக்கேன்மா. நல்ல குடும்பம்னு. மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க, என் தலையை உருட்டிடுவாங்க.” நான் நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய? குறைத்த வாடகையே நம் கழுத்தைப் பிடிக்கிறது. இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லாரும் குறைக்காத வாடகையைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு படியேறுகிறார்கள். சலுகை கொடுத்தும் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் நாம் ஒரு வீடுதான்.

லிஃப்ட் கம்பெனி உங்களை ‘கூப்பிட்டால் மட்டும் வா’ என்று சொன்ன நாளிலிருந்தே இது வரும் என்று எனக்குத் தெரியும். வேறு ஊர் பார்க்கிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினீர்கள். பார்த்தாயிற்றா? வீடு எப்படி, வேலை எப்படி, குட்டிக்குப் பள்ளிக்கூடம் எப்படி? உண்மையாக எழுதுங்கள். பூசி மெழுகினால் எனக்குத் தெரிந்துவிடும்.

குட்டி நன்றாக இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை வழக்கம்போல.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

பி.கு. ஒரு சின்ன விஷயம். நீங்கள் எங்கே என்று அடுத்த வீட்டு ஆடிட்டர் மனைவி கேட்டாள். ஆபீஸ் விஷயமாக வெளியூர் என்றேன். எத்தனை நாள் என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். புரமோஷன், ஏரியா மேனேஜராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.


மார்ச் 6

குட்டியின் அம்மாவுக்கு,

ஏரியா மேனேஜர் எழுதிக்கொள்வது. நலம். நலமறிய ஆவல்.

எந்த ஏரியா என்று கேட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஊரின் பெரிய தெருவை, வாங்கிய டீ ஆறுவதற்குள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து முடித்துவிடலாம். எல்லாக் கட்டடமும் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டு, போதும் என்று உட்கார்ந்துவிட்டன. லிஃப்ட் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. குளிர்பதனக் கிடங்கில் ஒரு சரக்கு லிஃப்ட். ஸ்டேஷனுக்கு எதிரில் உள்ள லாட்ஜில் பழைய கிராதிக் கதவு வைத்த ஒன்று. லிஃப்ட் மெக்கானிக் பிழைக்க வந்த ஊரைப் பார்த்தாயா! உன் வீட்டுக்காரனின் சாமர்த்தியத்துக்கு இது ஒன்று போதும்.

சிரிக்காதே. அந்தக் கிடங்கில்தான் வேலை கிடைத்திருக்கிறது. சரக்கு லிஃப்டின் பொறுப்பு முழுக்க என்னிடம். முதலாளி மரியாதையானவர். “நீங்க வந்தது நல்லதாப் போச்சு” என்றார். இப்போதைக்கு கிடங்கிலேயே ஒரு அறையில் தங்கியிருக்கிறேன்.

வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, சமையலறை, பின்னால் முற்றம். முற்றம்! நம் வீட்டில் துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டுவாயே, இங்கே கையை வீசிக்கொண்டு நடக்கலாம். வாடகையைக் கேட்டால் சிரிப்பு வரும். பள்ளிக்கூடம் பக்கத்தில். வண்டியில் ஏற வேண்டாம், சாலையைக் கடக்க வேண்டாம். காற்று நன்றாக இருக்கிறது. ஜனங்கள் நல்லவர்கள்.

கூச்சப்படாமல் கிளம்பி வா. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நீ கவலைப்படுகிறாய். அந்த நாலு பேர் நம் வாடகையைக் கட்டப் போவதில்லை.

இரண்டு லிஃப்டுகளின் மேனேஜர்


மார்ச் 10

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை, கடையில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். என் தொழில் என்ன? ஒருவர் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு “நல்லா இருக்கா?” என்று கேட்டால், மூக்கில் நிற்காமல் வழுக்கினாலும் “உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்பேன். அந்த வாக்கியத்தின் வாசனை எனக்குத் தெரியாதா? காற்று நன்றாக இருக்கிறது, ஜனங்கள் நல்லவர்கள், முதலாளி மரியாதையானவர். இத்தனை எழுதிய நீங்கள், காலையில் போய் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஒரு சரக்கு லிஃப்டைப் பார்த்துக்கொள்ள நாள் முழுக்க எதற்கு?

அது போகட்டும். இங்கே தலைக்கு மேல் வெள்ளம்.

என் சின்னப் பொய் கட்டடம் முழுக்கப் படியேறி இறங்கிவிட்டது. கட்டடச் சங்கச் செயலாளர் என்னை வாசலில் நிறுத்தி, “மேனேஜர் சாருக்கு ஒரு பிரிவு விழா வெச்சிடணும்” என்றார். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் மொட்டை மாடியில் டீ, கேக், பரிசு. எல்லா வீட்டிலும் வசூல் பண்ணியாயிற்று. நாம் தங்குவதா போவதா என்று இன்னும் முடிவே பண்ணவில்லை. அவர்கள் நம்மை அனுப்பிவைத்துவிட்டார்கள்.

அதைவிட மோசம், ஆடிட்டர் அந்த ஊருக்கு வருகிறார். ஏதோ கிளை அலுவலகத்தில் கணக்குப் பார்க்க வேண்டுமாம். “உங்க வீட்டுக்காரரையும் பாத்துட்டு வர்றேம்மா” என்று அவரே என்னிடம் சொன்னார். ஸ்டேஷன் எதிரில் உள்ள லாட்ஜில்தான் தங்குவாராம். வியாழக்கிழமை போய்ச் சேருகிறார். அவர் மனைவி பின்னாலேயே நின்று, “மேனேஜர்னா ஆபீஸ்லயே ஏசி ரூம் இருக்குமே” என்றாள். அவளை உங்களுக்குத் தெரியும். சமையலறைக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கியதை, சும்மா காற்று வாங்க வந்தவள்போல வந்து சொல்லிவிட்டுப் போனவள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் லாட்ஜிலேயே பார்த்துப் பேசி அனுப்பிவிடுங்கள். கிடங்குப் பக்கம் அழைத்துப் போக வேண்டாம். எனக்காக. இதற்கு மேல் என்ன எழுத என்று தெரியவில்லை.

குட்டியின் அம்மா


மார்ச் 12

உன் கடிதம் கிடைத்தது.

நான் எதற்கு வெட்கப்பட வேண்டும், என் வேலைக்கா, உன் பொய்க்கா? அதை மட்டும் சொல். நான் யாரிடமும் திருடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொள் என்கிறாய். என்னிடம் இருக்கும் சட்டைகளை மடித்துப் பையில் வைத்ததே நீதான்.

எழுதிவிட்டுக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. கோபம் உனக்கும் தெரியட்டும்.

கிடங்கு சூப்பர்வைசரிடம் சட்டை கேட்டிருக்கிறேன். டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போய்த் தொலைகிறேன்.


மார்ச் 16

குட்டியின் அம்மாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். ஆடிட்டர் நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் வந்து சொல்வதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். தபால் முந்துமா, அவர் முந்துவாரா, தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசரே எனக்கு டை கட்டிவிட்டார். எனக்குக் கட்டத் தெரியாது. கிடங்கு ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “மாப்பிள்ளை எங்க கெளம்பிட்டாரு?” என்று ஒருவன் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். சட்டை தோளில் பிடித்தது, வயிற்றில் தொங்கியது.

ஆடிட்டர் லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தார். “ரூமுக்குப் போய்ப் பேசலாம், மூணாவது மாடி” என்றார். கிராதிக் கதவு லிஃப்டில் ஏறினோம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேனேஜர் மாதிரி நின்றேன். இரண்டாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. நடு வழியில், எதிரே வெறும் சுவர்.

எனக்கு அது நின்ற சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மோட்டார் கோளாறு இல்லை. கதவின் கொக்கி தேய்ந்திருக்கிறது. ஓடும்போது ஆடி, கதவு விரல் அகலம் விலகுகிறது. விலகினால் லிஃப்ட் நிற்கும்படிதான் செய்து வைத்திருப்பார்கள். இழுத்துச் சாத்தினால் ஓடும். குட்டிகூடச் செய்வாள். ஆனால் மேனேஜர் செய்யலாமா? நான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

ஆடிட்டர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். “சார், உங்க ஆளுங்களுக்குப் போன் போடுங்க” என்றார். போனைக் காதில் வைத்து, “சிக்னல் இல்ல” என்றேன். யாருக்குப் போடுவேன்? அந்த ஆள் நானேதான். அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். “எனக்கு மூடின இடம்னா ஆகாது சார்” என்றார். முகம் வெளுத்துவிட்டது. நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு மனிதரைத் தவிக்கவிட்டு நின்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அப்புறம் பொறுக்கவில்லை. டையைக் கழற்றினேன். கதவை இழுத்துச் சாத்தி, கதவுக் கம்பியையும் நிலைக் கம்பியையும் சேர்த்து டையால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. மூன்றாவது மாடியில் முடிச்சை அவிழ்த்து அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். டை முழுக்க கிரீஸ். சூப்பர்வைசருக்குப் புதிதாக வாங்கித் தர வேண்டும்.

அறையில் தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்: “எனக்கு முதல்லயே தெரியும் சார். நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது சுவரா, அட்டையா? நீங்க ரெண்டு பேரும் பேசறது, போன்ல உங்க வீட்டம்மா பேசறது, எல்லாம் கேக்கும்.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?” என்றேன்.

தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இங்க வாடகை எப்படின்னு விசாரிக்கத்தான்” என்றார்.

கிளை அலுவலகமும் இல்லை, கணக்கும் இல்லை. வீட்டுக்காரர் அவர் வீட்டுக்கும் போயிருக்கிறார். “உங்களுக்கு மட்டும் குறைச்சிருக்கேன்…” என்று ஆடிட்டர் ஆரம்பித்தார். “மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்று நான் முடித்தேன். முதலில் அவர்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல் மாடிக்காரர்களிடமும் வீட்டுக்காரர் இதே பல்லவிதான் பாடியிருப்பார் என்றார். ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறது.

“எங்க வீட்ல தெரிய வேணாம் சார். நமக்கு மட்டும் குறைச்சாங்கன்னு அவ ரொம்பப் பெருமையா இருக்கா” என்றார். சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். உன்னிடம் சொல்வது சொன்னதாகாது என்று வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் நானே அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போனேன். இனி உன்னிடமும் மறைக்கப் போவதில்லை. சரக்கு லிஃப்ட் அறுவடைக் காலத்தில்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் நான் பழப்பெட்டி தூக்குகிறேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரை கழுவுகிறேன். ஆடிட்டர் அதைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19

குட்டியின் அப்பாவுக்கு,

தபால் முந்திவிட்டது. காலையில் உங்கள் கடிதம். சாயங்காலம் ஆடிட்டர்.

படிக்கட்டில் அவர் மனைவியும் செயலாளரும் நின்றிருந்தார்கள். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்க வீட்டுக்காரருக்கு அங்க என்ன மரியாதைங்கறீங்க! தனி ரூம். கூப்பிட்ட குரலுக்கு ரெண்டு ஆளு. கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க.” வாய் கூசாமல் சொன்னார். நான் வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, அழுதால் அந்தப் பக்கம் கேட்குமே என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் கத்தியதெல்லாம் கேட்டிருக்கிறது. ‘உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன்’ என்று நான் போனில் கேட்டதும் கேட்டிருக்கும்.

ஒன்று எழுத வேண்டும். மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

நாலு பேருக்கு முன்னால் கூச்சமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எனக்கு உங்களைப் பற்றித்தான் கூச்சமாக இருந்தது. நீங்கள் மேனேஜர் என்று சொன்ன பிறகு இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த மேனேஜரின் மனைவியாகப் படியேறினேன், இறங்கினேன். கடையில்கூடச் சொன்னேன். அங்கே யாரும் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். நீங்கள் பெட்டி தூக்கிவிட்டு வந்து, கை வலிக்க உட்கார்ந்து, காற்று நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதிக்கொண்டிருந்த அதே நாட்கள். இல்லாத ஒருவரைப் பற்றிப் பெருமைப்பட்டேன். இருக்கும் உங்களை மறைத்தேன். உங்களிடம் இதைச் சொல்லாமல் லாரி ஏற முடியாது. தங்குவதாக இருந்தாலும் சொல்லாமல் இங்கே இருக்கவும் முடியாது.

நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. பயமாக இருக்கிறது. பூசி மெழுகாமல் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள், அந்த வீட்டைப் பற்றி. அதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் பதில் சொல்கிறேன்.

குட்டியின் அம்மா


மார்ச் 22

குட்டியின் அம்மாவுக்கு,

படித்தேன். வலித்தது. இல்லை என்று எழுதினால் அது மறுபடி பூசி மெழுகுவது.

தெரியாமல் இல்லை எனக்கு. கம்பெனிச் சட்டையோடு உன் கடைப் பக்கம் வர வேண்டாம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் வருவதில்லை. ஏன் என்று நாம் பேசிக்கொண்டதும் இல்லை. நீ எழுதியது நல்லதுதான். ஒரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். இப்போது சாப்பிடுகிறேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். முற்றம் இருப்பது நிஜம். குளியலறை அந்த முற்றத்துக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். சமையலறையில் ஜன்னல் இருக்கிறது, திறக்காது. பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போயிருக்கிறது. உளி வைத்துப் பார்க்கிறேன், கண்ணாடி உடைந்தாலும் உடையும். கிடங்கு பக்கத்தில்தான். சில நாள் காற்றில் மூக்கை எரிக்கிற ஒரு வாடை வரும், குளிரூட்டும் இயந்திரத்தின் வாடை. முதல் வாரம் எனக்குத் தலை வலித்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். குட்டி அங்கே கெட்டிக்காரியாக இருப்பாள், அதனால் சோம்பேறியாகவும் ஆகலாம். கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறது. போய்க் கேட்டேன். அரை நாளைக்கு மட்டும் ஆள் வேண்டுமாம். அங்கே விற்கும் சட்டங்களைப் பார்த்தால் நீ அழுவாய். சாயங்காலம் ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சினிமா, கடைத்தெரு எல்லாம் மறந்துவிட வேண்டும்.

நல்லது ஒன்றே ஒன்றுதான். வாடகை கொடுத்த பிறகும் கையில் ஏதோ நிற்கும். மாதக் கடைசியில் கதவு தட்டினால் பயப்பட வேண்டாம்.

தங்குவதென்றால் தங்குவோம். நான் திரும்பி வருகிறேன். ஏதாவது செய்வோம். குத்திக்காட்ட மாட்டேன். வருவதென்றால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு வா. வா என்று இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி விற்பனை மாதிரி ஆகிவிடும்.

குட்டியிடம் பூகோளத்தை நாற்காலியில் உட்கார்ந்து படிக்கச் சொல்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 28

குட்டியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதிலிருந்தே முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாமான் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். கட்டிலின் கால்களைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், எண்ணி இறக்குங்கள்.

வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். “இன்னும் கொஞ்சம் குறைக்கறேன், உங்களுக்கு மட்டும்” என்றார். அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான் முதலில் பார்வையை விலக்கினார்.

மொட்டை மாடி விழாவை நிறுத்த முடியவில்லை. எல்லாரும் வந்திருந்தார்கள். செயலாளர் பேசினார். ‘நம் கட்டடத்துக்கே பெருமை’ என்றார். கடைசியில் பரிசை எடுத்து வந்தார்கள். தோல் பெட்டி. மேனேஜர்கள் கையில் தூக்கிப் போவார்களே, அது. நல்ல விலை இருக்கும். எல்லா வீட்டுக் காசும் அதில் இருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கை நீளவில்லை.

“இதை எங்களால வாங்கிக்க முடியாது” என்றேன். “அவருக்குப் புரமோஷன் எதுவும் கெடையாது. அது நான் சொன்ன பொய். அங்க ஒரு கிடங்குல பெட்டி தூக்கறாரு, தரை கழுவறாரு. இங்க வாடகை கட்ட முடியலை, அதான் போறோம். அதுவும் எங்களுக்கு மட்டும் குறைச்ச வாடகை.”

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தார், பெண்டாட்டி கையில் இருந்த கேக்கைப் பார்த்தாள். ஆடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். யாராவது ஒருவர், எங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை. செயலாளர், “சரி சரி, டீ ஆறிடப் போகுது” என்றார். சீக்கிரமே எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். தோல் பெட்டி நாற்காலி மேலேயே இருந்தது.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கூனிக் குறுகிப் போனேன். குட்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “அப்பா பெட்டி தூக்கறது எனக்கு முன்னாடியே தெரியும்மா. உனக்கு வந்த லெட்டரைப் படிச்சேன்” என்றாள். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

கீழே ஆடிட்டர் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். அத்தனை கோபமாக அவளைப் பார்த்ததில்லை. “உங்களுக்கும் குறைச்சாரா?” என்றாள். ஆமாம் என்றேன். “எங்களுக்கு மட்டும்னுதான சொன்னாரு!” என்றாள். அப்புறம் சொன்னாள்: “நீங்க ஊரை விட்டுப் போறீங்க. நாலு பேருக்கு முன்னால போட்டு உடைச்சிட்டு லாரி ஏறிடலாம். நாங்க இங்கதான இருக்கணும்? நாளைக்கு நாங்களும் போனா, வாடகை குடுக்க முடியாமப் போறாங்கன்னுதான பேசுவாங்க? இனி ஒரு நல்ல காரணம் சொல்லிட்டுக் கௌரவமா போக முடியுமா?”

அவள் சொன்னது நியாயம்தான். என் மானத்தை நான் உடைத்தால் என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் சத்தம். முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கேட்டது. நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். எங்களுக்குக் கேட்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. தண்ணீர் வீணாகப் போனது.

இன்று காலை சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே வரவில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நான் கடைசி மூட்டையோடு இறங்கும்போது ஆடிட்டர் மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அங்க வாடகை எவ்வளவு?”

சொன்னேன். அவளைப் போலவே மெதுவாகத்தான் சொன்னேன். அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். கண் கலங்கியது.

“வீடு எப்படி?”

“குளியலறை வெளிய இருக்கு. மழைன்னா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும்.”

“சமையலறையில ஜன்னல்?”

“இருக்கு. தொறக்காது.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இவ்வளவையும் பாத்துட்டா வேணும்னு முடிவு பண்ணீங்க?”

“நான் எங்க பாத்தேன்? இன்னும் போனதே இல்ல.”

“பாக்காமலேவா போறீங்க?”

மேல் மாடியில் ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று உள்ளே நகர்ந்தாள். நான் நகரவில்லை. மூட்டையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மேலே கேட்கட்டும் என்றே சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரர் பாத்திருக்காரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வாருங்கள். கிடங்கிலிருந்து நேராக வந்தால் போதும், சட்டை மாற்ற வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி